வரி வரியாக

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, வெண்ணந்தூர் என எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் காதில் விழும் பூமி எங்களுடையது. கைலி, துண்டு, வேட்டி, சேலை என்று இரவு பகலாகத் துணி இறங்கிக்கொண்டே இருக்கும். 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்கான துணியும் பிற்பாடு இந்தப் பக்கத்து விசைத்தறிகளில் ஏராளமாக ஓடியது. இத்தனை துணி நெய்கிற ஊரில், மார்கழி பிறந்தால் நாங்கள் போர்த்திப் படுப்பது பானிபட்டிலிருந்து லாரியில் வரும் பாலியெஸ்டர் போர்வையை. புலியும் ரோஜாப்பூவும் போட்ட போர்வைகளைச் சேலத்தில் சாலையோரம் அடுக்கி வைத்து விற்கிறார்கள். விலை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காய்கிறது. வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போர்வை என்பது கடையில் வாங்கும் சாமானே அல்ல என்றிருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவில் கை நழுவிப் போன ஒரு வேலை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டில் சேலை கிழிந்தால் அதன் கதை முடிந்துவிடாது. உடுத்த முடியாமல் நைந்தால் பாதியாகக் கிழித்துத் தாவணி. தாவணியும் போனால் தொட்டில். தொட்டில் தாங்காது என்ற நிலை வந்தபின் மெத்தைக்கு. மெத்தை என்றால் இலவம்பஞ்சு அடைத்தது அல்ல. ஐந்தாறு பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையலால் இறுக்கியது. விரித்தால் படுக்கை, சுருட்டினால் தலைக்கு அணை, குளிருக்குப் போர்வை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. நூறு தரம் துவைத்து மெத்தென்றான பருத்தியில்தான் கிடத்துவார்கள். அதனால் பேறுகாலம் நெருங்கும் வீட்டில் மெத்தை தைக்கிற வேலை தானாகத் தொடங்கிவிடும்.

வாசலைக் கூட்டி, பாயை விரித்து, அதன்மேல் அடிச்சேலையைப் போடுவார்கள். நாலு மூலைக்கும் கல். நடுவில் சுருக்கம் நிற்காதபடி கையால் வெளிப்பக்கமாக நீவிவிட வேண்டும். அதன்மேல் கிழிந்த கைலி, வேட்டித் துண்டு, தறிப்பட்டறையில் மிஞ்சிய வெட்டுத்துணி எல்லாம் உள்ளடுக்காகப் போகும். மேலே பார்வைக்கு நன்றாக இருக்கும் சேலை வரும். முதலில் விரற்கடை அகலத் தையலாக நாலைந்து ஓட்டு ஓட்டி, அடுக்கு நகராமல் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் அசல் தையல். அம்மாயி எப்போதும் ஓரத்திலிருந்து உள்ளே போவாள். சுற்றி ஒரு வரி, அதற்குள் ஒரு விரல் தள்ளி அடுத்த வரி. ஊசியைத் துணியில் மேலும் கீழுமாக ஆட்டி மூன்று நான்கு தையலைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பாள். நூல் கடையில் வாங்கியது அல்ல. பாவு முடியும்போது தறியில் முழ நீளத்துக்கு மிஞ்சுகிற நூலைச் சேர்த்து வைத்து, நாலு இழையைத் தொடையில் வைத்து முறுக்கி, மெழுகுவத்தியில் ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வாள். தறிக்காரர் வீட்டில் வீண் என்று ஒதுக்கியது எதுவோ அதுதான் அந்த மெத்தையைக் கட்டி நிறுத்தும்.

“கண்ணு, ஊசி கோத்துக் குடுத்துட்டு வெளையாடப் போ” என்பது என் பால்யத்தின் நிரந்தரக் கட்டளை. ஐந்தாறு ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு ஓடுவேன். பக்கத்து வீட்டு அக்கா கடந்து போகும்போது “எத்தன வரி ஆச்சுங் அத்தே?” என்று கேட்பார். “இன்னிக்கு நாலு வரிங்” என்று பதில் போகும். மெத்தை எப்போது முடியும் என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. வரிதான் கணக்கு. உலையில் அரிசி வேகும்வரை ஒரு வரி. குழாயில் தண்ணீர் வருவதற்குக் காத்திருக்கும்போது ஒரு வரி. வெள்ளாடு ஈனுவதற்குக் காவலிருந்த ஓர் இரவு முழுவதும் லாந்தர் வெளிச்சத்தில் வரிமேல் வரி. மெத்தை எப்போதும் திண்ணையில் சுருட்டிக் கிடக்கும், ஊசி குத்தியபடியே. எடுக்கவும் வைக்கவும் நேரம் செலவாகாது என்பதுதான் அது வளர்ந்ததன் ரகசியம் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

இந்த வேலை எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தம் அல்ல. வங்காளத்தில் காந்தா, பிகாரில் சுஜனி, சிந்துப் பகுதியில் ரல்லி. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் தைக்கும் கவண்டியும் அம்மாயியின் மெத்தையைப் போலவே ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் சுவரில் மாட்டப்பட்டன. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குப் பெருமையும் ஆற்றாமையும் சேர்ந்து வந்தன. அவர்களுடைய போர்வைகளைத் தேடி ஒருவர் வந்தார். எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. அம்மாயி தைத்ததில் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை.

அன்றாடம் கொஞ்சம் என்ற பழக்கத்துக்கு எங்கள் குடும்பத்தில் இன்னொரு வேரும் உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925 பிப்ரவரியில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலம். மழை பொய்த்து மானாவாரிக் காடுகள் காய்ந்து கிடந்த வட்டாரத்தில், சுற்று ஊர்ப் பெண்களுக்கு ராட்டை கூலி தந்தது. பஞ்சு வாங்கிப் போய் வீட்டில் நூற்று, சிட்டம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்குவார்கள். அம்மாயியின் அம்மா அப்படி நூற்றவர். ஒரே நாளில் உட்கார்ந்து நூற்று முடிக்கிற வேலை அல்ல அது. காட்டு வேலைக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடைத்த அரை மணி நேரங்கள் சேர்ந்து சிட்டமாகும். அவரிடம் பார்த்ததைத்தான் அம்மாயி ஊசியில் செய்தாள்.

காலுறை பின்னுவது எங்கள் வீட்டுக்குள் வந்த வழி வேறு. 1962இல் சீனாவோடு போர் வந்தபோது, பனிமலையில் நிற்கும் ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் கம்பளிச் சட்டையும் காலுறையும் பின்னி அனுப்பினார்கள். அம்மா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். தையல் டீச்சர் வகுப்பு முழுவதையும் பின்னல் வேலையில் உட்கார வைத்துவிட்டார். பின்னல் ஊசிக்கு எங்கே போவது? சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிக் கொண்டார்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டைத் தாண்டிப் பழகிய பிள்ளைகள், பனியை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள், பனிக்கான காலுறைக்குக் கண்ணி எண்ணினார்கள்.

அந்தக் கல்வி இருபது ஆண்டு கழித்து எண்பதுகளில் பயன்பட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுவதும் போகத் தொடங்கியிருந்தன. எங்கள் மாமாவும் ஒரு வண்டியில் ஏறிப் போனார். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியே. டிசம்பர் இரவில் வண்டிக்கு அடியில் படுத்தால் கால் மரத்துவிடுகிறது என்று கடிதம் போட்டார். அம்மா பழைய போக்ஸ் கம்பிகளைத் தேடி எடுத்தார். அடுத்த தடவை மாமா கிளம்பும்போது கம்பளிக் காலுறை ஒரு பக்கமும் அம்மாயியின் மெத்தை ஒரு பக்கமும் அவர் பெட்டியில் இருந்தன. வடக்கே போன இரண்டும் திரும்பி வரவே இல்லை. அங்கேயே தேய்ந்து தீர்ந்தன. பிழைப்புக்குப் போன பிள்ளைக்குத் துணையாக இருந்து தீர்ந்துபோவதைவிட ஒரு போர்வைக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

பிறகு எல்லாம் மாறியது. சோம்பலால் விட்டார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விசைத்தறி பெருகியபோது பெண்களும் 12 மணி நேர ஷிப்டில் தறி ஓட்டப் போனார்கள். வரி தைத்த அந்த இடைவேளைகளைத் தறி தின்றுவிட்டது. சேலைகளும் மாறின. நைலக்ஸ் வந்தது, பூனம் வந்தது, பாலியெஸ்டர் வந்தது. அவை கிழிவதில்லை, நைவதில்லை, உடம்பு வியர்வையை உறிஞ்சுவதில்லை. அடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். அதை வைத்து மெத்தை தைக்க முடியாது. தெருவில் பழந்துணிக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிறவர் வந்தார், பீரோ காலியானது. 2012 வாக்கில் தமிழகம் முழுவதும் மின்வெட்டு வாட்டியபோது தறிகள் மணிக்கணக்கில் நின்றன. காத்திருக்கும் நேரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் தைக்கப் பழந்துணியும் இல்லை, தைக்கத் தெரிந்த கையும் பல வீடுகளில் இல்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடி ஊசி எடுத்தேன். அன்று வீட்டில் இறைந்து கிடந்த பழம்பருத்தியை இன்று உறவுமுறையில் சொல்லி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. பருத்திதானா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கறுத்த மணியாக இறுகிவிடும். காட்டன் என்று பெயர் சொல்லி வந்த சேலைகளில் பாதி இந்தச் சோதனையில் மணியாகிறது. இப்போது புதுத்துணியை வாங்கி, அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுத் தருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் சீமையில் அதற்கு அவசியம் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே பட்டறைக்குப் பட்டறை வெட்டுத்துணி மூட்டை கட்டிக் கிடக்கிறது. போர்வையின் சுகம் வடிவத்தில் இல்லை, துணி பட்ட பாட்டில் இருக்கிறது.

என் தங்கை மகளுக்குப் பேறுகாலம் வந்தபோது முதல் மெத்தையைத் தைத்து முடித்தேன். சேலத்து வீட்டில் திண்ணை கிடையாது. மெத்தையைச் சோபாவின் ஒரு முனையிலேயே கிடத்திவிட்டேன். விருந்தாள் வந்தாலும் எடுப்பதில்லை. ராத்திரி வேலையை நிறுத்துகிற இடத்தில் ஓர் ஊக்கு குத்தி வைப்பேன். மறுநாள் ராத்திரி ஊக்கு எவ்வளவு உள்ளே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு வரி நகர்ந்தாலும் நகர்ந்ததுதான். பேத்திக்குத் தொட்டிலடியில் விரித்ததைப் பார்த்துவிட்டு அதே தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் அவரவர் மாமியாரின் சேலைகளை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் வருவது அந்தச் சேலைகளைப் பற்றிய பேச்சு. எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது. தையல் அதற்குப் பிறகுதான்.

மெத்தையோடு காலுறையும் பின்னுகிறேன். அது அம்மாவுக்காக. இதே அம்மாதான் ஜவான்களுக்குப் பின்னியவர். இப்போது சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. கடைக் காலுறையின் இறுக்கமான எலாஸ்டிக்கும் விரல் நுனியில் தடித்திருக்கும் தையலும் இப்படிப்பட்ட பாதத்துக்கு ஆகாது. அழுத்திப் புண்ணாக்கினாலும் தெரியாது. வட்டமாகக் கையில் பின்னுவதில் தையலே வராது, வாயையும் தளர்வாக விடலாம். வெள்ளைப் பருத்தி நூலில்தான் பின்னுகிறேன். எங்காவது கசிந்தால் கறை உடனே கண்ணில் படும். வெறுங்காலைத் தவிர்க்க வேண்டும் என்பதால் அதன்மேல் செருப்பும் உண்டு.

அம்மாதான் கற்றுத் தந்தார். 64 கண்ணியை நாலு ஊசியில் பிரித்து, ஐந்தாவது ஊசியால் பின்ன வேண்டும். மேல் பட்டை ரெண்டு நேர், ரெண்டு எதிர். குதிகால் வரும் இடத்தில் பாதிக் கண்ணியை, அதாவது 32ஐ மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு பட்டை. பிறகுதான் மடக்கு. நடுவைத் தாண்டி 18 வரை பின்னி, அடுத்த ரெண்டை ஒன்றாக்கி, இன்னொன்று பின்னிவிட்டு, மீதியை அப்படியே ஊசியில் விட்டுத் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கமும் அதேபோல. ஒவ்வொரு திருப்பத்திலும் விட்டு வைத்ததில் ஒன்றிரண்டு உள்ளே சேரும். தட்டையாக இருந்த பின்னல் கண்ணெதிரே குழிந்து கிண்ணமாகி, குதிகாலுக்கு இடம் கொடுக்கும். அந்த மடக்கு முதன்முதலாகச் சரியாக விழுந்தபோது அம்மா அதை வாங்கி, உள்ளே முட்டியை மடக்கி வைத்துப் பார்த்து, “நல்லாத்தான் திரும்பியிருக்குது” என்றார். அறுபது ஆண்டுக்கு முன் தையல் டீச்சர் இவரிடம் சொன்னதும் அதே வார்த்தைகள்தானாம்.

வலது காலுக்கு முடிந்துவிட்டது. இடது காலுக்குப் பட்டை போட்டு நாலைந்து சுற்று வந்தபோது போட்டுப் பார்க்கச் சொன்னேன். “சாயங்காலமானா இந்தக் காலு வீங்குது கண்ணு, இன்னும் ரெண்டு கண்ணி சேத்துப் போடு” என்றார். ரெண்டு சேர்த்தால் பட்டையின் கணக்கு ஒத்து வராது, நாலாகத்தான் சேர்க்க முடியும். உருவிவிட்டு 68இல் தொடங்கியிருக்கிறேன்.