ஒட்டாத உறவு

பழைய செவர்லே பிக்கப்பில் பிற்கால எல்எஸ் வகை வி8 எஞ்சின் இறக்கும் அமெரிக்கர்களின் பொறுமை வாழ்க! எஞ்சின் சுலபமாக உட்கார்ந்துவிடும், அப்புறம்தான் சோதனை. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரில் தொடங்குவோம்: எல்எஸ்1-க்கு ஒரு பிளக், 1999-இல் வந்த டிரக் எஞ்சினுக்கு இன்னொன்று, எல்எஸ்3-க்கு மூன்றாவது. ஒரே வம்சம்தான், ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிலிண்டருக்கு ஒருவராக எட்டு அடாப்டர் தரகர்கள் சம்பந்தம் பேசுகிறார்கள். கிராங்க் சக்கரத்தில் முன்பு 24 பல், பின்பு 58. 24 பல் வரை எண்ணப் படித்த எஞ்சின் கம்ப்யூட்டர் 58-ஐக் கண்டால் பேந்தப் பேந்த விழிக்கும். கல்வித் தரத்தில் என்ன கண்டிப்பு!

ஒயரிங்கெல்லாம் பொருந்தி, சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமும், உடனே அணையும். எஞ்சினோடு வந்த கம்ப்யூட்டரின் திருட்டுத் தடுப்பு, உரிமையாளரையே திருடன் என்று தீர்மானித்துப் பெட்ரோலை நிறுத்திவிட்டது. ரசீதைக் காட்டிப் பயனில்லை. அந்தக் காவலை நீக்க லேப்டாப்போடு ஓர் ஆளைக் கூப்பிடுங்கள்.