ஓரிரவு ரசீதும் நிரந்தர முகவரியும்

பெறுநர்: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வாஷிங்டன்.

நகல்: ஐம்பது மாநிலங்களின் ஓட்டுநர் உரிம அலுவலகங்களுக்கு, தென் டகோட்டாவுக்கு மட்டும் நன்றியறிதலுடன் தனிப்பிரதி.

பொருள்: சக்கரங்களின் மேல் குடியிருப்போருக்கு, ஓட்டுநர் உரிமத்தில் அச்சிடத்தக்க முகவரி ஒன்று அருளக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 2005ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டமும் அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளும்.



வீட்டை விற்றவர்கள், வீட்டை இழந்தவர்கள், வாடகை ஏறிய வேகத்தோடு ஓட முடியாமல் வண்டியிலேயே குடியேறியவர்கள், ஓய்வூதியத்தைப் பெட்ரோலாக மாற்றி நாட்டைச் சுற்றிப் பார்ப்பவர்கள் எனப் பலவகையினர் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள். ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டு வண்டியிலோ, படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனிலோ, சில வேளைகளில் வெறும் காரிலோ வாழும் இவர்கள் அனைவருக்கும் பொதுவான சொத்து ஓட்டுநர் உரிமம் ஒன்றே. அந்த உரிமத்தில் முகவரிக்கென ஒரு வரி இருப்பதையும், அந்த வரியை நிரப்ப ஓரிடத்தில் அசையாமல் வாழ்ந்தாக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதையும் இவர்கள் குறையாகச் சொல்லவில்லை. நகர்வதற்கான அனுமதியை நகராதவருக்கே வழங்குவது என்ற கொள்கையில் ஏதோ ஆழ்ந்த ஞானம் இருக்கத்தான் வேண்டும் என்றும், அது என்னவென்று விளங்கிக்கொள்ளத் துறை உதவ வேண்டும் என்றும் மட்டுமே இம்மனு பணிவுடன் கேட்கிறது.

ரியல் ஐடி என்பது 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, அடையாள அட்டைகளுக்கு நாடு முழுவதும் ஒரே தரத்தை வகுக்க எழுந்த சட்டம். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி விமானத்தில் ஏறவும் கூட்டரசுக் கட்டடங்களுக்குள் நுழையவும், அது மூலையில் நட்சத்திரம் பொறித்த உரிமமாக இருக்க வேண்டும். அதைப் பெற, விண்ணப்பதாரர் தமது முதன்மைக் குடியிருப்பின் முகவரியைக் குறைந்தது இரண்டு ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய இந்த ஏற்பாடு, பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 மே 7ஆம் நாள்தான் விமான நிலையங்களில் அமலுக்கு வந்தது. தன் வேலையை முடிக்கப் பதினேழு ஆண்டு அவகாசம் எடுத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு, மின் கட்டண ரசீது இல்லாத முதியவரை ‘அடுத்த முறை சரியான ஆவணங்களோடு வாருங்கள்’ என்று ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்புவதைப் பார்த்த பின் அதன் சுறுசுறுப்பை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. வண்டியின் கூரைமேல் பொருத்திய தகட்டுக்கு மின்சாரம் தரும் சூரியன் இதுவரை யாருக்கும் மாதாந்திர ரசீது அனுப்பியதில்லை என்பதையும், இக்குறைபாட்டுக்கு மனுதாரர்கள் பொறுப்பல்ல என்பதையும் இங்கே பதிவு செய்வது பொருத்தமாகும்.

துறையின் விதிகள், முதன்மைக் குடியிருப்பு என்பது ஒருவர் இப்போது வசிக்கும் இடம், அது தற்காலிகமானதாயினும் சரி, என்று பெருந்தன்மையோடு வரையறுக்கின்றன. ஆனால் அதே மூச்சில் அந்தந்த மாநிலத்தின் வசிப்பு நிபந்தனைகளுக்கும் அது உட்பட வேண்டும் என்று சேர்த்துக்கொள்வதால், வலது கை கொடுத்ததை இடது கை வாங்கிக்கொள்கிறது. புதிதாகக் குடியேறியவர் கலிபோர்னியாவில் 10 நாள்களுக்குள்ளும், புளோரிடாவில் 30 நாள்களுக்குள்ளும், டெக்சாஸில் 90 நாள்களுக்குள்ளும் அந்த மாநிலத்தின் உரிமத்தை எடுத்துவிட வேண்டும். நாட்டின் மேற்குப் பகுதியில் பரந்து கிடக்கும் பொது நிலங்களைப் பராமரிக்கும் கூட்டரசு நில மேலாண்மை அலுவலகமோ, இலவசமாக முகாமிடுவோர் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்றும், அதன்பின் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஆக, ஒரே அரசின் ஓர் அலுவலகம் ‘எங்கே நிலையாக இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும் வேளையில், இன்னோர் அலுவலகம் ‘இன்னுமா இங்கேயே இருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறது. இரண்டுக்கும் கீழ்ப்படிய முயல்வதே மனுதாரர்கள் செய்துவரும் குற்றம்.

இந்த இடத்தில் சட்டவழி உறைவிடம் என்னும் கருத்தைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் உண்டு உறங்கும் இடம் வேறு, சட்டம் அவருடையதாகக் கருதும் ஊர் வேறு, பின்னதே உறைவிடம். மனிதர் எவரும் உறைவிடமின்றி இருக்க முடியாது என்பதும், ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஓர் உறைவிடம்தான் உண்டு என்பதும், புதியது கிடைக்கும் வரை பழையது நிழல்போல் பின்தொடரும் என்பதும் ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து அமெரிக்கா பெற்ற கோட்பாடுகள். புதிய உறைவிடத்தை நிறுவ இரண்டே பொருள்கள் தேவை: அவ்விடத்தில் உடலால் இருத்தல், அங்கேயே நிலைக்க வேண்டும் என்ற எண்ணம். உடலைக் காட்டுவது எளிது; எண்ணத்தைக் கவுண்டரில் எடுத்து வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி, இதற்கு விடை கண்ட பெருமை தென் டகோட்டா மாநிலத்தையே சாரும்.

அம்மாநிலத்தில், கடந்த ஓராண்டுக்குள் ஒரேயொரு இரவு அங்கே தங்கியதற்கான ரசீது போதும். விடுதியானாலும் முகாம் மைதானமானாலும், விண்ணப்பதாரரின் பெயர் தாங்கிய அந்தத் துண்டுச் சீட்டோடு, மாநிலத்துக்குள் தனியார் தபால் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்ததற்கான ஆவணத்தையும், ‘தென் டகோட்டாவே என் மாநிலம், வெளியே போனாலும் திரும்பி வரும் எண்ணமுண்டு’ என்ற பொருளில் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் நீட்டினால், ஐந்தாண்டு செல்லும் உரிமம் கைக்கு வந்துவிடுகிறது. பிற மாநிலங்கள் நிரந்தரம் என்றால் என்னவென்று மூளையைக் கசக்கிக்கொண்டிருக்க, தென் டகோட்டா அதன் கால அளவைத் துல்லியமாகக் கணக்கிட்டு, மாலையில் வந்து காலையில் கிளம்பும் நேரமே அது என்று முடிவு கட்டியிருக்கிறது. டெக்சாஸ், புளோரிடா ஆகியவற்றைப் போலவே இதுவும் தனிநபர் வருமான வரி வசூலிக்காத மாநிலம் என்பதால், அந்த ஒற்றை இரவில் நாடோடிகளின் உள்ளத்தில் மண்பற்று எவ்வளவு வேகமாக வேர்விடுகிறது என்பதை உளவியலாளர்கள் ஆராயலாம்.

ஆனால் தபால் பெட்டியை எடுக்கும் வழியில் இன்னொரு வாசல் நிற்கிறது. தனியார் நிறுவனம் ஒன்று பிறருடைய தபாலை வாங்கி வைக்க வேண்டுமானால், பெட்டிக்காரர் அமெரிக்கத் தபால் துறையின் 1583 எண் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அந்தப் படிவம் விண்ணப்பதாரரின் வீட்டு முகவரியைக் கேட்கிறது. புகைப்பட அடையாள அட்டை ஒன்றோடு, முகவரியை உறுதிசெய்ய வாடகை ஒப்பந்தம், வீட்டுக் கடன் பத்திரம், வாக்காளர் அட்டை, வாகனக் காப்பீடு போன்ற இன்னோர் ஆவணத்தையும் கேட்கிறது. முகவரி இல்லாததால் பெட்டி கேட்கும் ஒருவரிடம், பெட்டி தருவதற்கு முகவரி கேட்பது, பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியை அரசு முத்திரையோடு அச்சிட்டு வெளியிட்டதற்கு ஒப்பாகும். பழைய வீட்டின் ஆவணங்கள் காலாவதியாவதற்கு முன்பே புதிய பெட்டியைப் பிடித்துவிடுங்கள் என்பதுதான் நாடோடிகள் தம்முள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அதாவது, வீடற்றவராக முறைப்படி மாறுவதற்கு வீடு இருந்தாக வேண்டும்.

இவ்வாறு பெறப்படும் முகவரியின் வடிவம் கூர்ந்து நோக்கத் தக்கது. தெருப் பெயரும் கதவு எண்ணும் முறையாக இருக்கும். அவற்றை அடுத்து ‘பி.எம்.பி.’ என்ற மூன்றெழுத்தோ, அதற்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்குமான நான்கு கோடுகள் கொண்ட எண் குறியோ, அதன்பின் பெட்டி எண்ணும் வரும். எண் குறியை விரும்புவோரே அதிகம், ஏனெனில் படிப்பவர் அதை அடுக்குமாடியின் வீட்டு எண் என்று எடுத்துக்கொள்வார். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில், 1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்னும் வீட்டு வண்டியினர் சங்கம் நடத்தும் தபால் சேவையின் வழியே எண்ணற்ற குடும்பங்கள் ஒரே தெருவின் குடிமக்களாகக் காகிதத்தில் கூடி வாழ்கின்றன; அண்டை வீட்டாரோடு ஒருநாளும் சண்டை வராத இப்படியோர் ஊர் நாட்டில் வேறெங்கும் இருக்க முடியாது. அரிசோனாப் பாலைவனத்தில் நிற்பவருக்கு நீதிமன்ற ஜூரியில் அமர வருமாறு இந்தப் பெட்டிக்கு அழைப்பாணை வரும். வாகனக் காப்பீட்டின் கட்டணம், வண்டி ஒருநாளும் நின்றிராத அந்தத் தெருவின் அஞ்சல் எண்ணைக் கொண்டு கணக்கிடப்படும். பயங்கரவாதத்தைத் தடுக்க முகவரி வேண்டும் என்ற துறை, இறுதியில் பெற்றிருப்பது ஓர் அலமாரியின் முகவரி.

செல்வர்களின் நிலையை இதோடு ஒப்பிட்டால் துறையின் நீதியுணர்வு இன்னும் தெளிவாகும். வால் ஸ்ட்ரீட்டின் பெருஞ்செல்வி ஹெட்டி கிரீனின் மகன் எட்வர்ட் கிரீன் பல மாநிலங்களில் மாளிகைகள் வைத்துக்கொண்டு அவற்றினிடையே போய்வந்துகொண்டிருந்தவர். 4 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்தை விட்டு 1936இல் அவர் இறந்தபோது, டெக்சாஸ், புளோரிடா, நியூயார்க், மாசசூசெட்ஸ் ஆகிய நான்கு மாநிலங்களும் ‘இவர் எங்கள் ஊர்க்காரர்’ என்று உரிமை கொண்டாடின. நால்வர் கேட்ட வரியையும் கூட்டரசின் வரியையும் கூட்டினால் சொத்தையே விஞ்சிவிடும் என்ற நிலையில், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1939இல் மாசசூசெட்ஸே அவரது உறைவிடம் என்று முடிந்தது. 1930இல் இறந்த கேம்பெல் சூப் நிறுவன அதிபர் ஜான் டொரன்ஸுக்கோ பென்சில்வேனிய நீதிமன்றம் பென்சில்வேனியாவையும், நியூஜெர்சி நீதிமன்றம் நியூஜெர்சியையும் உறைவிடமாக அறிவிக்க, இரண்டு மாநிலங்களும் மரபுரிமை வரியை வசூலித்துக்கொண்டன. ஒருவருக்கு ஓர் உறைவிடமே உண்டு என்ற கோட்பாடு, பணம் பெருகினால் எவ்வளவு நெகிழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதை நிறுவ மாநிலங்களே வழக்கறிஞர்களை அமர்த்திய காலம் ஒன்று இருந்திருக்கிறது. மனுதாரர்கள் செய்த ஒரே தவறு, வரி விதிக்கத்தக்க அளவுக்குச் சொத்து சேர்க்காததுதான்.

தபால் பெட்டிக்கு ஆண்டுச் சந்தா கட்டி, தென் டகோட்டா வரை எரிபொருள் போட முடிந்தவர்களுக்கு இந்த நாடகத்தில் ஒரு வேடமாவது கிடைத்துவிடுகிறது. அதற்கும் வழியற்றுக் காரில் உறங்குவோரிடம், ஏதேனும் வீடற்றோர் காப்பகத்தில் தங்கியிருப்பதாகக் கடிதம் வாங்கி வரச் சொல்கின்றன சில மாநிலங்கள். காப்பகத்தில் இடம் கிடைத்திருந்தால் அவர்கள் காரில் ஏன் உறங்கப் போகிறார்கள் என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டமில்லை. பொது இடத்தில் படுத்து உறங்குவோரை நகராட்சிகள் தண்டிக்கலாம் என்று கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் 2024ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்ட பின், தங்குமிடம் இல்லாதது குற்றத்தையும், முகவரி இல்லாதது உரிமமின்மையையும், உரிமமின்மை வேலையின்மையையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இவ்வாழ்க்கையைப் பேசும் ‘நோமேட்லாண்ட்’ திரைப்படத்துக்கு 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்ததை மனுதாரர்கள் நன்றியோடு குறிப்பிடுகிறார்கள்; உரிமக் கவுண்டரில் முகவரிச் சான்றாக அது இன்னும் ஏற்கப்படவில்லை.

இதற்கு மாற்று இல்லையோ என்றால், அரசிடமே இருக்கிறது. உலகம் முழுவதும் செல்லும் அமெரிக்கக் கடவுச்சீட்டில் முகவரி அச்சிடப்படுவதில்லை. உரியவர் தாமே எழுதிக்கொள்ள ஓர் இடம் விட்டு, மாறக்கூடியது என்பதால் பென்சிலால் எழுதும்படி அறிவுறுத்தியும் வந்திருக்கிறார்கள். அந்தச் சீட்டைக் காட்டி விமானத்திலும் ஏறலாம். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட அடையாள விதியோ, தெரு முகவரி இல்லாத வாடிக்கையாளர் தம் நெருங்கிய உறவினரின் அல்லது தொடர்புக்குரிய வேறொருவரின் முகவரியைத் தரலாம் என்று இடங்கொடுக்கிறது. பணத்தின் மேல் கண்ணாக இருக்கும் வங்கிக்கே இது போதுமென்றால், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஓர் அட்டைக்கு இதற்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது என்பதைத் துறை விளக்கினால் நன்று.

எனவே மனுதாரர்கள் கோருவன மூன்று. முதலாவதாக, ‘எங்கே வசிக்கிறீர்கள்?’ என்ற ஒரே கேள்விக்குள் திணிக்கப்பட்டுள்ள பல கேள்விகளைப் பிரித்து, அறிவிப்பு அனுப்ப வேண்டிய இடம் எது, வரியும் வாக்கும் எந்த மாநிலத்துக்கு உரியவை, வண்டி பெரும்பாலும் எங்கே ஓடுகிறது எனத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாடோடிகளிடம் இவை ஒவ்வொன்றுக்கும் உண்மையான விடை உண்டு. இரண்டாவதாக, வங்கிகளுக்கு உள்ள ஏற்பாட்டைப் போல, தொடர்புக்குரிய ஒருவரின் முகவரியை உரிமத்துக்கும் ஏற்க வேண்டும். மூன்றாவதாக, இவ்விரண்டும் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் என்று துறை கருதுமாயின், தற்போதுள்ள முறையையே தொடரலாம்; ஆனால் பிரமாணப் பத்திரத்தின் அடியில், இங்கே எழுதப்பட்டிருப்பது ஒரு தபால் அலமாரி என்பது எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும் என்று ஒரு வரி சேர்த்து, அதில் அலுவலரும் கையொப்பமிட வேண்டும். பொய்ச் சத்தியம் செய்யும் சுமையை இதுவரை விண்ணப்பதாரர் மட்டுமே தனியாகச் சுமந்து வருகிறார்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளின்படி எங்கும் வசிக்காத, தங்கள் சாலைகளில் எங்கும் வரி கட்டி எரிபொருள் நிரப்பும் குடிமக்கள்.