ஜவ்வு அவனுக்கு, இழுவை நமக்கு

கே: எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம், முட்டி வலி என்று சொல்லி முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்கு வரவில்லை. அதே வாரம் குற்றாலம் ஐந்தருவியில் ஜாலியாகக் குளித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். இவனுக்கெல்லாம் அணி மேல் பற்று இருக்கிறதா, சொல்லுங்கள் அண்ணாச்சி?
– இலஞ்சி வாசகர்

ப: அருவியில் நின்றதைத்தானே பார்த்தீர்கள்? எம்பிக் குதித்து, ஒற்றைக் காலில் இறங்கி, அதே காலை ஊன்றிச் சட்டென்று திரும்பி ஓடியதைப் பார்க்கவில்லையே! கூடைப்பந்தில் முட்டிக்கு அதுதான் வேலை. டாக்டர்கள் ஏ.சி.எல். என்றும் நாம் ஜவ்வு என்றும் சொல்கிற அந்தத் தசைநார், நேராக நடக்கப் பெரிதாகத் தேவைப்படாது; திரும்பத்தான் தேவை. அது அறுந்தவர்கள்கூட வீக்கம் வடிந்ததும் பஜாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவார்கள். களத்தில் ஒரு திருப்பம் திரும்பினால் முட்டி நழுவி உட்கார்ந்துவிடுவார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன்பே களமிறங்கினால் மறுபடி அறுந்துபோகும் ஆபத்து பல மடங்கு.

அந்தப் பையனின் ஸ்கேனை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவனுக்குப் பற்று இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். சரி, அந்த எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கட்டியது யார் என்று விசாரித்தீர்களா? பையனின் அப்பா என்றால், பற்றைப் பற்றிய கேள்வியை வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

கே: அருவியில் நின்றால் முட்டி வலி சரியாகிவிடும் என்கிறார்களே?
– மேலகரம் வாசகர்

ப: முதுகுக்கும் தோளுக்கும் அருவி கொடுக்கிற அடி சுகம்தான். அதற்கு முன்னால் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் பத்து நிமிடம் படுத்தால் உலகமே மறந்துபோகும். ஆனால் அறுந்த ஜவ்வை ஒட்டவைக்கிற மூலிகை அந்தத் தண்ணீரில் இருந்தால், ஐ.பி.எல். ஏலமே குற்றாலத்தில்தான் நடக்கும்.

கே: 2025 இங்கிலாந்து தொடரில் ஐந்து டெஸ்டில் மூன்றுதான் ஆடினார் பும்ரா. நாட்டுக்கு ஆடும்போது வலிக்கிற முதுகு, ஐ.பி.எல்.லில் மட்டும் வலிக்காதா?
– கடையநல்லூர் வாசகர்

ப: அந்த வருட ஐ.பி.எல்.லின் தொடக்க ஆட்டங்களுக்கும் அவர் இல்லை என்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள். ஏப்ரலில்தான் மும்பை அணிக்கு வந்தார். ஐ.பி.எல்.லில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு ஓவர். அதற்கு முந்தைய ஆஸ்திரேலியத் தொடரில் அவர் வீசியது 150 ஓவருக்கும் மேல். எடுத்தது 32 விக்கெட். கடைசியாகச் சிட்னியில், 2025 ஜனவரியில், முதுகு பிடித்துக்கொண்டு இரண்டாவது இன்னிங்ஸில் பந்தே வீசவில்லை. சாம்பியன்ஸ் டிராபியும் போயிற்று.

கொஞ்சம் பின்னால் போவோம். 2022 செப்டம்பரில், முதுகுக் காயத்திலிருந்து திரும்பிய கையோடு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு டி20 ஆடினார். மறுபடி முதுகு. அந்த வருட டி20 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை, ஆகஸ்ட் வரை ஓய்வு. அப்போதும் இதே கேள்வியை இதே சூட்டோடு கேட்டோம். ஓய்வெடுத்து வந்தவர் 2024 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். அப்போது மட்டும் ‘நம்ம பும்ரா’!

இங்கிலாந்தில் நடந்ததுதான் வேடிக்கை. அவர் ஆடிய லீட்ஸும் லார்ட்ஸும் தோல்வி, மான்செஸ்டர் டிரா. ஆடாத எட்ஜ்பாஸ்டனும் ஓவலும் வெற்றி. உடனே ‘அவர் இல்லாவிட்டால்தான் ஜெயிக்கிறோம்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வரவில்லை என்று திட்டிய அதே வாய், வந்ததற்கும் திட்டியது.

ஒரு குறை மட்டும் எனக்கும் உண்டு. மூன்று டெஸ்ட்தான் என்று தொடர் தொடங்கும் முன்பே ஊருக்கே அறிவித்திருக்க வேண்டியதில்லை. எதிரணிக்குக் கணக்கு சுலபமாயிற்று. ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்பும் ஒரு மனிதனின் முதுகு பட்டிமன்றத் தலைப்பாயிற்று.

கே: அப்படியானால் சிராஜுக்கு முதுகெலும்பு இல்லையா? ஐந்தும் ஆடினாரே!
– செங்கோட்டை வாசகர்

ப: ஆடினார். 185 ஓவருக்கு மேல் வீசி 23 விக்கெட் எடுத்தார். ஓவலில் 6 ரன்னில் ஜெயித்தபோது கடைசி விக்கெட்டும் அவருடையது. கும்பிட வேண்டிய உழைப்பு. ஆனால் சிராஜ் ஓடி வருவதையும் பும்ரா ஓடி வருவதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பும்ராவின் ஓட்டம் குட்டை. வேகத்தை ஓட்டத்திலிருந்து எடுக்காமல் கடைசி இரண்டு எட்டில் உடம்பிலிருந்து பிழிந்து எடுக்கிறார். கடன் கொடுக்கிற முதுகுக்கு வட்டி கட்டத்தானே வேண்டும்?

கே: கால் உடைந்தும் ஆடிய ரிஷப் பண்ட் வீரரா, ஓய்வெடுத்த பும்ரா வீரரா?
– ஆய்க்குடி வாசகர்

ப: இரண்டு பேருமே. உங்களுக்கு ஒருவரைத் திட்டியே ஆக வேண்டும் என்றால் நான் பொறுப்பல்ல.

அந்தத் தொடரை எழுதிய கதாசிரியர் யாரோ பெரிய கில்லாடி. மான்செஸ்டரில் கிறிஸ் வோக்ஸ் வீசிய பந்து பண்ட் காலை உடைக்கிறது. மறுநாள் பண்ட் நொண்டிக்கொண்டே வந்து அரைசதத்தைத் தாண்டுகிறார். அடுத்த டெஸ்டில், ஓவலில், அதே வோக்ஸ் பவுண்டரியைத் தடுக்கப் போய்த் தோள் கழன்று, கடைசி நாளில் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி பதினோராவது ஆளாக மட்டை பிடித்து வருகிறார். ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. எதிர்முனையில் ஓடி ஓடி முகம் சுளித்ததோடு சரி. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தொலைக்காட்சி முன் எழுந்து நின்றேன். செப்டம்பரில் வோக்ஸ் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் பிறகுதான், பெரிய காயம் பட்டவருக்கு மாற்று ஆளை இறக்கலாம் என்று உள்ளூர்ப் பல நாள் ஆட்டங்களில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் விதி கொண்டுவந்தது. உடைந்த காலோடு யாரும் நிற்க வேண்டியதில்லை என்று வாரியமே சொல்கிறது. ரசிகர்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கே: வலியோடு ஆடிய நம்ம ஊர்க்காரர் யாராவது?
– பாவூர்சத்திரம் வாசகர்

ப: அஸ்வின். 2021 ஜனவரி 11, சிட்னி. முதல் நாள் இரவு முதுகு வலியில் துடித்தவர், காலையில் நிமிர்ந்து நிற்க முடியாதவர், 128 பந்து நின்றார். எதிரே தொடைத்தசை பிடித்துக்கொண்ட ஹனுமா விஹாரி, 161 பந்தில் 23 ரன். டெஸ்ட் டிரா. விஹாரி கிரிக்கெட்டையே கொன்றுவிட்டார் என்று மத்திய அமைச்சர் பாபுல் சுப்ரியோ எழுதினார், பெயரைப் ‘பிஹாரி’ என்று போட்டு. விஹாரி சண்டைக்கே போகவில்லை. எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தார். வலியோடு ஆடினாலும் திட்டு உண்டு என்பதற்கு ரசீது.

இனி, நம்மவர்கள் பேசாத பாதி. அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அஸ்வின் இல்லை, பும்ராவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் சென்னை வாஷிங்டன் சுந்தரும் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். வாஷிங்டன் 62 ரன் வேறு. 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத காபா மைதானத்தில் ஜெயித்தோம். ஒருவர் வராததால் இன்னொருவர் வந்தார்.

அந்த ஏப்ரலிலேயே நடராஜன் முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தார். இன்றுவரை அவர் கணக்கில் இருப்பது அந்த ஒரே டெஸ்ட்தான்.

கே: நம்ம ‘தல’ தோனி முட்டி வலியோடு ஆடவில்லையா? கோப்பை வாங்கித் தரவில்லையா?
– சுரண்டை வாசகர்

ப: ஆடினார், வாங்கித் தந்தார். 2023 இறுதியாட்டம் மே 30 விடியற்காலையில் முடிந்தது. ஜூன் முதல் நாளே மும்பையில் இடது முட்டிக்கு அறுவைச் சிகிச்சை. அந்த சீசன் முழுக்க அவர் இரண்டு ரன் ஓடும்போதெல்லாம் தமிழ்நாட்டுக்கே முட்டி வலித்தது. அடுத்த வருடம் தர்மசாலாவில் ஒன்பதாவது ஆளாக இறங்கி முதல் பந்திலேயே போல்டு. ஏன் முன்னால் வரவில்லை என்று அதே தமிழ்நாடு கேட்டது. முழு வேகத்தில் பத்து ஓவர் நின்று ஆட முட்டி இடம் கொடுக்காது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் 2025-ல் வெளிப்படையாகச் சொன்ன பிறகு, கேள்வி ‘ஏன் இன்னும் வருகிறார்’ என்று மாறியது. மூன்று வருடம், ஒரே முட்டி. மாறியது நாம்தான். சுரண்டையில் எப்படி?

கே: வீரன் என்றால் வலியைத் தாங்க வேண்டாமா? சும்மா படுத்துக்கொண்டால் எப்படி?
– புளியங்குடி வாசகர்

ப: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டுராண்ட் உங்களை மாதிரி ஆட்களின் பேச்சைக் கேட்டிருக்கிறார். 2019 என்.பி.ஏ. இறுதிப் போட்டிகளின்போது கெண்டைக்கால் காயத்தோடு வெளியே இருந்தார். வேண்டுமென்றே ஆடவில்லை என்று முணுமுணுப்பு. ஜூன் 10, டொரண்டோவில் இறங்கினார். இரண்டாவது கால்பகுதியிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த சீசன் முழுவதும் ஓர் ஆட்டம்கூட இல்லை. முணுமுணுத்தவர்களில் யாரும் அவருக்கு ஊன்றுகோல் வாங்கி அனுப்பியதாகச் செய்தி இல்லை.

கே: அமெரிக்கக் கல்லூரிப் பையன்களுக்கும் இந்தப் பஞ்சாயத்து உண்டா?
– அச்சன்புதூர் வாசகர்

ப: உண்டு, நம்மைவிடச் சத்தமாக. 2019 பிப்ரவரி 20, டியூக் பல்கலைக்கழகமும் நார்த் கரோலினாவும் மோதுகின்றன. பார்வையாளர் வரிசையில் ஒபாமா. முதல் நிமிடம்கூட முடியவில்லை. டியூக்கின் சயன் வில்லியம்சன் காலை ஊன்றித் திரும்ப, நைக்கி ஷூ பிளந்து, முட்டி சுளுக்கியது. மறுநாள் நைக்கியின் பங்கு விலையே கொஞ்சம் இறங்கியது. நாடு இரண்டாகப் பிரிந்தது. ‘சில மாதத்தில் என்.பி.ஏ.யில் கோடிகள் காத்திருக்க, சம்பளம் இல்லாத கல்லூரி ஆட்டத்துக்கு முட்டியைப் பணயம் வைக்காதே’ என்றது ஒரு பாதி. ‘சட்டையைப் போட்டுக்கொண்டவன் பாதியில் கழற்றக் கூடாது’ என்றது மறுபாதி.

கவனியுங்கள்: அந்த அரங்கில் டிக்கெட் விற்றவருக்குக் காசு, ஷூ விற்றவருக்குக் காசு, ஒளிபரப்பியவருக்குக் காசு. ஆடியவனுக்கு மட்டும் உதவித்தொகையும் அறிவுரையும். தன் பெயரையும் முகத்தையும் வைத்துக் கல்லூரி வீரர்கள் சம்பாதிக்கலாம் என்ற அனுமதியே 2021 ஜூலையில்தான் வந்தது. கல்லூரிகள் நேரடியாகப் பணம் தரத் தொடங்கியது 2025-ல்.

சயன் மார்ச்சில் திரும்பினார். வந்த முதல் ஆட்டத்தில் 13 முறை எறிந்து 13-ஐயும் கூடையில் போட்டார். அவரைக் கோழை என்றவர்கள் அன்றிரவு வேறு தலைப்பு தேடிப் போனார்கள்.

கே: பெண் வீராங்கனைகளுக்கு முட்டிக் காயம் அதிகம் என்பது உண்மையா? பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, குற்றாலம்

ப: உண்மைதான் அம்மா. குதித்து இறங்கித் திரும்புகிற ஆட்டங்களில் ஏ.சி.எல். அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடிவது முக்கியக் காரணங்களில் ஒன்று. நல்ல செய்தி, இதைப் பழக்கத்தால் மாற்றலாம். கால்பந்துக்காரர்களின் ‘ஃபிஃபா 11+’ என்ற இருபது நிமிடப் பயிற்சி இப்படிப்பட்ட காயங்களைத் தடுக்கவே உருவானது. ஆட்டத்துக்கு முன் ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, தொடையின் பின்தசைக்கு வேலை, முட்டியை நேராக வைத்து இறங்கப் பழகுவது, அவ்வளவுதான். கருவி வேண்டாம், காசு வேண்டாம். இன்னொன்று: நம் பக்கத்துக் கோர்ட்டுகள் பெரும்பாலும் சிமெண்ட். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் சறுக்குப் பலகை. தரை காயும் வரை ஆட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது ‘பற்று இல்லை’ என்றால், துடைப்பத்தை அவர் கையில் கொடுங்கள்.

கே: குடும்பத்தோடு இவ்வளவு தூரம் வந்தோம். பேரருவியில் ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் விழுகிறது என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இது நியாயமா?
– மதுரையிலிருந்து சீசனுக்கு வந்தவர்

ப: 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் கேட்கிறீர்களே! பயணச் செலவும் ஏமாற்றமும் உங்களுடையவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கயிறு கட்டி நிற்கிற காவலரை ‘இவருக்கு அருவி மேல் பற்று இல்லை’ என்று நீங்கள்கூடச் சொல்லவில்லை. அணி டாக்டர் கயிறு கட்டினால் மட்டும் ஏனோ நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இப்போதைக்குக் கேரள பார்டர் பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிடுங்கள். தண்ணீர் இறங்கும்.

கே: தென்காசிக்கும் ஒலிம்பிக்குக்கும் என்ன சம்பந்தம்?
– வல்லம் வாசகர்

ப: காசி விசுவநாதர் கோயில் கோபுரம்! நூறு வருடத்துக்கு மேல் மொட்டையாக நின்றதை ஒன்பது நிலையாகக் கட்டி எழுப்பி 1990-ல் குடமுழுக்கு நடக்க முன்னின்றவர் சிவந்தி ஆதித்தனார். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரும் அவரே. அடுத்த கேள்வி.

கே: நான் ஒரு கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். நாளை இறுதியாட்டம், எதிரே நெல்லை அணி. எங்கள் முக்கிய வீரனுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்கிறார். பையனோ ‘நான் ஆடுறேன் சார்’ என்று அழுகிறான். நிர்வாகம் என்னைப் பார்க்கிறது. என்ன செய்ய?
– தென்காசி

ப: முதல் வேலையாக அவன் ஷூவை வாங்கி உங்கள் பையில் போட்டுப் பூட்டுங்கள். அழட்டும். வலிநிவாரணி ஸ்பிரே அடித்து ‘பத்தே நிமிஷம்’ என்று யாராவது வந்தால், அவரை மைதானத்துக்கு வெளியே டீ வாங்க அனுப்புங்கள். அணிச் சட்டையைப் போட்டுப் பையனை உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். நெல்லைக்காரர்களில் யார் வலது கையை மட்டும் நம்பிப் பந்தைத் தட்டுகிறான், யார் நான்காவது ஃபவுலுக்குப் பிறகு பயப்படுகிறான் என்று பார்த்துச் சொல்கிற வேலையை அவனுக்குக் கொடுங்கள். உள்ளே ஆடுகிறவனுக்குத் தெரியாதது பெஞ்சிலிருந்து நன்றாகத் தெரியும். நிர்வாகம் கேட்டால் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள், கூடவே அவனுடைய மருத்துவச் செலவு ரசீதையும் நீட்டுங்கள். பார்வை தானாக வேறு பக்கம் திரும்பும்.

முடிவை எழுதிப் போடுங்கள் சார். தோற்றால் அணிக்குப் பரோட்டா என் செலவு. ஜெயித்தால் நிர்வாகத்தின் செலவு.