24 பிட், பிடித்தம் போக

புது டாக் வாங்கியவன் முதல் வாரம் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. போனால் பேசுவான். நானும் பேசினேன். “திரை விலகின மாதிரி இருக்கு”, “குரலைச் சுத்திக் காத்து ஓடுது”, “பின்னணி கன்னங்கரேல்னு இருக்கு” என்றெல்லாம் சொன்னேன். என் மைத்துனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல கண் டாக்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார்.

டாக் என்பது எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. ஆளுக்கொரு டாக் செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. அதே வேலையைத் தனியாக, சுத்தமான மின்சாரம் கொடுத்து, கனமான அலுமினியப் பெட்டிக்குள் செய்தால் விலையில் இரண்டு பூஜ்யம் கூடும். என்னிடம் இருந்த சின்ன டாக்கைத் தள்ளிவிட்டு நான் வாங்கியது அப்படி ஒன்று.

காஞ்சிபுரத்து ஓரிக்கையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி, அப்பாவின் பட்டுத் தறி. மீதிப் பாதியில் என் ஸ்பீக்கர்கள். புதுப் பெட்டியின் தத்துவத்தை அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டு, தலைக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார்.

“அட்டையில ஓட்டை இருந்தா இழை தூக்கும். இல்லேன்னா கிடக்கும். கடைசியில மயில் வருது. உன் பெட்டியில பாட்டு வருது. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். ஜக்கார்டு என்கிற பிரெஞ்சுக்காரர் 1804 வாக்கில் செய்துவைத்தது ஒன்று, பூஜ்யம் கணக்குதான். எங்கள் வீட்டுக்கு டிஜிட்டல் வந்தது என் சம்பளத்தில் அல்ல, அப்பாவின் கூலியில்.

“வினாடிக்கு எத்தனை அட்டை ஓடும்?” என்று கேட்டார்.

“சி.டி.ன்னா 44,100. ஒவ்வொரு அட்டையிலும் 16 ஓட்டை. ரெண்டு காதுக்கும் தனித்தனியா.”

“அட்டை அடிச்சவனுக்குக் கூலி யாருப்பா குடுத்தா?”

பெட்டிக்குள் இருக்கும் சில்லு ஜப்பானின் அசாஹி கசேய் குழுமத்துடையது. 2020 அக்டோபரில் நொபெயோகா நகரில் அவர்களுடைய சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. உலகம் முழுக்க டாக் செய்கிறவர்கள் வேறு சில்லு தேடி ஓடினார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் சுவைக்கவில்லை. ஆனால் அதே குழுமம் அதே ஊரில் 1931 முதல் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சிலிருந்து பெம்பெர்க் என்ற நூல் எடுக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நூல்காரனா? அப்ப சரக்கு சுத்தமா இருக்கும்” என்றார். எந்த விமர்சகரும் இவ்வளவு சீக்கிரம் நற்சான்றிதழ் கொடுத்ததில்லை. பட்டுக்காரர் பெம்பெர்க்கைப் பாராட்டியது அதைவிடப் பெரிய அதிசயம்.

இனி, கேட்ட கதை. முதலில் எம்.எஸ். 1963-ல் ஹெச்.எம்.வி. வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதம். பழைய பெட்டியில் ஒரே குரலாக வந்தது, இதில் பிரிந்து நின்றது. எம்.எஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழை பின்னால், ராதா விஸ்வநாதன். எனக்குப் புல்லரித்தது. அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

“ராதா பாடறதா? மார்கழியில கோயில் குழாய் ஸ்பீக்கர்லயே கேக்குமே” என்றார் அம்மா, கரண்டியை நிறுத்தாமல்.

அடுத்து இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’. 1986-ல் வந்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வில் திரும்பும் இடம்கூடக் காதில் விழுந்தது. பிறகு பழைய சபா கச்சேரிப் பதிவு ஒன்று. அதில் துல்லியம் எல்லை மீறியது. இடது பக்கம் ஒருவர் தொடர்ந்து இருமுகிறார். நடுவில் ஒருவர் தப்புத் தாளம் போடுகிறார். தனியாவர்த்தனத்தில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டு, கூட்டம் காபிக்குக் கிளம்புவது ஸ்டீரியோவில் தெளிவாகக் கேட்கிறது. பாடகரைவிட ரசிகர்களை நன்றாகக் காட்டும் பெட்டி இது.

விலைக்கு வருகிறேன். பெட்டியின் நெற்றியில் 24 பிட் என்று போட்டிருக்கிறது. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல், ஆக மொத்தம் 144. முதல் பிடித்தம் இயற்கையுடையது. எந்த மின்சுற்றிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் சலசலத்துக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் நல்ல டாக்கிலும் 3 பிட் போய்விடும். மீதி 21. அடுத்தது அம்மா. 90 டெசிபெல்லைத் தாண்டினால் அடுப்படியிலிருந்து குரல் வரும். அதில் 6 போச்சு. மீதி 15. கடைசியாக மின்விசிறி, சுமார் 45 டெசிபெல். அதற்கு ஏழரை. பிடித்தம் போக என் காதுக்கு வந்து சேர்வதும் ஏழரை. ஏழரை பிடித்தால் என்ன ஆகும் என்று ஜாதகம் பார்க்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது இரவு பத்து மணிக்கு மேல் உள்ள கணக்கு. பகலில் எங்கள் தறியும் பக்கத்து வீட்டுத் தறிகளும் ஓடும்போது பிட் எல்லாம் கடனில் நிற்கும். காஞ்சியை விட்டு வெளியேறிய பெருமாள் ஓர் இரவு தங்கிய ஊர் என்பது ஓரிக்கையின் பெருமை. மின்விசிறி இல்லாத அந்த ராத்திரியில் கேட்டிருந்தால் 15 பிட்டும் கேட்டிருக்கும்.

ஆனால் தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அத்தனை இரைச்சலிலும் ஒரு இழை அறுந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். கேபிளை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “அலமாரியில அந்தக் குத்துவிளக்கை எடு. தவில் விழும்போதெல்லாம் அதிருது” என்றார். எடுத்தேன். திரை விலகியது, காற்று ஓடியது, பின்னணி கன்னங்கரேல் என்றானது. அந்த மேம்பாட்டுக்கு ஒரு பைசா செலவில்லை.

அதற்கப்புறம் அப்பாவுக்குப் பெட்டிமேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது. ஒருநாள் ராத்திரி தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நம்ம ஊர் நயினாப் பிள்ளை போடு.”

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை, 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்த லயச் சிங்கம். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துக்கொண்டு பாடியவர். டி. பிருந்தாவுக்கு குரு. ஆனால் அவர் இசைத்தட்டு கொடுக்கவே இல்லை. பிருந்தா பாடியது இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டேன்.

“ஒரு தட்டுகூடக் குடுக்கலையா?”

“ஒண்ணுகூட இல்லப்பா.”

அப்பா சற்று யோசித்தார். “நல்லதாப் போச்சு. குடுத்திருந்தா, அதை இன்னும் நல்லாக் கேக்கணும்னு நீ அடுத்த பெட்டி வாங்கியிருப்ப.”