பொழுதும் போகுது, நெல்லும் போகுது

பதினெட்டு வருடம் கழித்து வேலைக்காகத் தஞ்சாவூருக்கே திரும்பி வந்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஒரு மினி டைடல் பூங்கா வந்தது. அதோடு சேர்ந்து அடித்த காற்றில் என்னைப் போல நாலு பேர் சென்னையிலிருந்து பறந்து வந்து விழுந்தோம். சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் எட்டரைக்குக் கிளம்பினால் எட்டே முக்காலுக்கு ஆபீஸ். வேளச்சேரியில் இருந்தவரை வேலை நாளில் மிச்ச நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை, அதைச் சாலையே தின்றுவிடும். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் நிற்கிறேன்.

“ஏதாவது ஹாபி புடிச்சுக்குங்க. இல்லன்னா என்னையப் புடிச்சு நச்சரிச்சுக்கிட்டே இருப்பீங்க” என்றாள் மனைவி.

பிடித்துப் பார்த்தேன். முதலில் தஞ்சாவூர் ஓவிய வகுப்பு, நாலு ஞாயிற்றுக்கிழமை. என் கையில் உருவான வெண்ணெய்க் கிருஷ்ணன் சப்-இன்ஸ்பெக்டர் மாதிரி முறைத்தான். அவனைச் சுவரில் மாட்டத் தைரியம் வரவில்லை. அடுத்தது புதாற்றங்கரையில் சைக்கிள். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-ல் ஓடவிட்ட கல்லணைக் கால்வாயைத்தான் இன்றும் நாங்கள் புது ஆறு என்கிறோம்; தொண்ணூறு வயதிலும் அது புதுசுதான். அதைச் சீரமைக்க 2,640 கோடி ரூபாய் என்று 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரைக்கும் தரைக்கும் கான்கிரீட். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி வீணாகிவிடக் கூடாதாம். நிலத்தடி நீர் என்பது மண்ணுக்குள் இறங்காத தண்ணீரிலிருந்துதான் வருகிறது போலிருக்கிறது.

பிறகு பெரிய கோயிலில் பாரம்பரிய நடை. வழிகாட்டித் தம்பி விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆரம்பித்தார். அவர் அதைச் சொல்லும்போது அந்த நிழலில்தான் நாங்கள் இருபது பேரும் நின்றுகொண்டிருந்தோம். நான் மெதுவாகக் கழன்று சுவரில் இருக்கும் கல்வெட்டுப் பக்கம் போனேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை இங்கே குடியமர்த்தி, யார் எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல் என்று வெட்டிவைத்திருக்கிறான். எந்த மரக்காலால் அளப்பது என்பதுகூட இருக்கிறது: ஆடவல்லான் என்னும் மரக்கால். அவன் ஒன்றும் உத்தமன் இல்லை. உழுதவனிடம் கசக்கித்தான் அந்த நெல்லை வாங்கியிருப்பான். நாற்று நட்டவள் பெயரைக் கல்லில் ஏற்ற அவனுக்கும் தோன்றவில்லை. ஆனால் அளக்கும் மரக்காலுக்குப் பெயர் வைத்து, அதையும் ஊர் பார்க்க வெட்டிவைத்தவன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது தெரியும்.

ஏனென்றால், நாலாவதாக எனக்குக் கிடைத்த பொழுதுபோக்கு சித்தப்பா.

ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் அவர் கிராமம். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். “ஓய்வா இருந்தா வாடா, மேட்டூர் பாக்கலாம்” என்றார். சேலம் வரைக்குமா என்று கேட்டேன். செல்போனை நீட்டினார். டெல்டாவில் பல் துலக்கும் முன் செய்யும் காரியம் அது: நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. சென்னையில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற வாயால் இங்கே மேட்டூர் கேட்கிறார்கள். ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், அது சிக்சர். 2023-ல் ஜூன் 12-ல் திறந்து, அக்டோபர் 10-ல் இழுத்து மூடினார்கள். 2024-ல் ஜூலை 28 வரை ஆட்டமே தொடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் திறக்கிறபோது பெரியவர்கள் பூவும் நெல்லும் தூவுகிறார்கள். தூவுகிற நெல்லுக்கு யாரும் ஈரப்பதம் பார்ப்பதில்லை.

2023-ல் கருகிய குறுவைக்கு நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஹெக்டேர் என்பது எங்கள் ஊரில் எவரும் புழங்காத அளவு, அதில் சொன்னால் தொகை கொஞ்சம் உயரமாகத் தெரியும். மாவுக்குக் கணக்குப் போட்டால் 1,800 சொச்சம்.

காவிரி நடுவர் மன்றம் 1990-ல் உட்கார்ந்து 2007-ல் எழுந்தது. மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில், நமக்கு 192 டி.எம்.சி. என்றது. உச்ச நீதிமன்றம் மேலும் பதினோரு வருடம் கழித்து, இல்லை 177.25 என்றது. அந்தக் காலே கால் டி.எம்.சி.யின் நறுவிசைப் பாருங்கள். தட்டான் தோற்றான். தண்ணீரைக் கால் வரைக்கும் அளந்து கொடுக்கிற இதே நாட்டில்தான், மூட்டைக்குள் போகிற நெல்லுக்கு மட்டும் அளவு கிடையாது.

2025-ல் ஜூன் 12-லேயே தண்ணீர் வந்தது. சித்தப்பா ஒன்பது மாவும் குறுவை போட்டார். நன்றாக விளைந்தது, டெல்டா முழுக்க அப்படித்தான். நன்றாக விளைவதுதான் இங்கே ஆபத்து. அக்டோபரில் பெல்ட் மிஷின் வைத்து அறுத்து, ஒரு கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். நிலையத்தின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் படிக்கிறவர் தம்முடையதுதான் என்று நினைத்துக்கொள்வார். எங்களுக்கு முன்னால் குவியல் குவியலாக ஊரே கொட்டிக் கிடந்தது. சாக்கு இல்லை. சாக்கு வந்தபோது சணல் இல்லை. சணல் வந்த அன்று லாரி இல்லை, அடுக்கிய மூட்டை நகரவில்லை, நகராததால் மேலே வாங்க இடமில்லை. எல்லாம் ஒருசேர இருந்த ஒரே நாளில் மழை இருந்தது.

பதினோரு ராத்திரி. சனி, ஞாயிறும், வேலை நாளில் சாயங்காலம் ஆறுக்கு மேலும் நான் போய் நின்றேன். காலையில் படுதாவை விலக்க வேண்டும், நெல்லைக் காலால் கோடு போட்டுக் கிளற வேண்டும். மேகம் கறுத்தால் ஓடிப்போய்க் கூட்டிக் குவித்து மூட வேண்டும். ஒரே நாளில் நாலு தடவைகூட. களத்தில் இடமில்லாதவர்கள் தார்ச்சாலையில் பாதியை மறித்துக் காயப்போட்டார்கள். அதன்மேல் ஏறிப்போன கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கித் திட்டினார்கள். அதில் ஒருத்தர் போன மாதம் சேற்றில் இறங்கி நாற்று நட்டுப் படம் போட்டவர். மாப்பிள்ளைச் சம்பா கால் மா, வார இறுதி விவசாயி.

ஈரப்பதம் 17 சதவீதம் இருக்கலாம் என்பது மத்திய அரசின் விதி. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் கடைசியில், காவிரிப் படுகையில் 17. அந்த மாதத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குள் கரண்டி இறங்காது, தீப்பெட்டி பற்றாது, துவைத்த வேட்டி மூன்று நாள் வாசம் வீசும். நெல் மட்டும் ராஜஸ்தானில் விளைந்த மாதிரி கலகலவென்று இருக்க வேண்டும். 22 வரை அனுமதியுங்கள் என்று மாநிலம் கடிதம் எழுதியது. டெல்லியிலிருந்து குழுக்கள் வந்தன, கையால் அள்ளிப் பார்த்தன, பையில் போட்டு மாதிரி எடுத்துக்கொண்டு போயின. நவம்பரில் பதில் வந்தது: முடியாது. அதற்குள் எங்கள் குவியலின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. முளைத்த நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம்.

டெல்லிதான் காரணம் என்று சென்னை சொன்னது, சென்னைதான் காரணம் என்று டெல்லிக்காரர்கள் சொன்னார்கள். எதிர்க்கட்சியினர் பச்சைத் துண்டோடு வந்து முளைத்த நெல்லைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்; ஆளும் கட்சியினர் காய்ந்த நெல்லைக் கையில் ஏந்தி எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே களத்தில் இருந்தன என்பதுதான் அந்த நிலையத்தின் சிறப்பு. அதற்கு முந்தைய ஆட்சியில் துண்டு இடம் மாறியிருந்தது, அவ்வளவே வித்தியாசம்.

கடைசியில் எங்கள் முறை வந்தது. மூட்டைக்கு 40 கிலோ. சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய் என்பதால் மூட்டைக்கு 1,018. சாக்கு எடைக்காக அரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாகப் போட வேண்டும், சரி. அதற்கு மேலும் தராசு முள் கொஞ்சம் கீழே பார்க்கிற வரைக்கும் அள்ளிப் போட்டார்கள். ஏன் என்றேன். “காய்ஞ்சா எடை கொறையும் சார்.” ஈரம் என்று பத்து நாள் வாங்க மறுத்ததும் அவர்தான். அப்புறம் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதற்கு ரசீது கிடையாது, ஆனால் யாரும் ஏமாற்றுவதில்லை. சொன்ன ரேட்டுதான், பணக்காரன் ஏழை வித்தியாசம் கிடையாது, இந்த நாட்டில் ஒழுங்காக அமலாகும் ஒரே சமத்துவம். வாங்குகிறவரும் கரைவேட்டிப் பிரபு அல்ல. நெல் கிடங்கில் எடை குறைந்தால் அவர் தலையில்தான் விடியும்; மேலே யாருக்கோ அவரும் அளக்கிறார். ஆடவல்லான் என்னும் மரக்காலை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இந்தத் தராசுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தால் சாபம் விடவாவது உதவும்.

பொழுதுபோக்குக்கு என்ன இலக்கணம்? வருமானத்துக்காகச் செய்வதில்லை. கையிலிருந்து காசு போட்டுச் செய்வது. நஷ்டம் வந்தாலும் ஆசையால் விடமுடியாமல் தொடர்வது. இந்தக் கணக்கில் என் ஓவிய வகுப்பைவிடச் சித்தப்பாவின் குறுவைதான் சுத்தமான பொழுதுபோக்கு. அரசாங்கமும் அப்படித்தான் நினைக்கிறது என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் ஒரு தொழிலை இப்படி நடத்துமா? செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் வைத்து விலை கொடுங்கள் என்று எழுதிக்கொடுத்த எம்.எஸ். சுவாமிநாதன் எங்கள் கும்பகோணத்தில் பிறந்தவர். முழுச் செலவையும் கணக்கில் எடு, நில வாடகை உட்பட என்று விவசாயிகள் அன்றிலிருந்து கேட்கிறார்கள். 2024 பிப்ரவரி 9-ல் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள். நாலே நாளில், அந்த விலையைக் கேட்டு டெல்லிக்குக் கிளம்பியவர்கள்மேல் ஷம்பு எல்லையில் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தது. செத்தவருக்குப் பதக்கம், அவர் சொன்னதைக் கேட்டவனுக்குப் புகை.

நம்முடைய மாநிலமும் சளைத்ததில்லை. 2016-ல் பருவமழை பொய்த்து டெல்டா வெடித்துக் கிடந்தது. வயலில் விழுந்து செத்தவர்கள், மருந்து குடித்துச் செத்தவர்கள் செய்தி தினம் வந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்த அதே அரசு, ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வறட்சியால் எந்த விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, சொந்தக் காரணங்களால் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. சொந்தக் காரணம். உண்மைதான். சொந்த நிலம், சொந்தக் கடன், சொந்த மாட்டை விற்ற காசு, சொந்தக் கழுத்து. இந்தப் பத்திரத்தைத் தட்டச்சு செய்தவர் அன்று மதியம் என்ன சாப்பிட்டார் என்று அடிக்கடி யோசிப்பேன். சோறாகத்தான் இருக்கும்.

சித்தப்பாவையும் சும்மா விட மனமில்லை. களத்தில் ஒரு ராத்திரி, “வேலைக்கு ஆளே கெடைக்கல, எல்லாம் திருப்பூர் போயிட்டானுவ” என்று புலம்பினார். நெல் கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ல், அன்றைய இதே தஞ்சை மாவட்டத்தில், கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தோம். ஆள் எங்கே போனான் என்று இன்னும் நாம் கேட்கலாமா? சொன்னேன். சித்தப்பா பதில் சொல்லவில்லை. படுதாவின் ஓட்டையை டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேச்சை ஆரம்பித்தார். “மெட்ராஸ்ல பொழுதுபோக்குக்கு என்னடா பண்ணுவ?”

“மாரத்தான் ஓடுவேன் சித்தப்பா. பத்து கிலோமீட்டர்.”

“ஓடுனா காசு குடுப்பானா?”

“இல்ல, நாமதான் கட்டணும். ஆயிரம் ரூபா.”

அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தார். “ஓடி முடிச்சா?”

“ஒரு மெடல் குடுப்பாங்க. ஒரு வாழப்பழம்.”

“வெயிட் பாத்தா குடுப்பான்?”

“இல்ல சித்தப்பா. யார் ஓடி வந்தாலும் குடுப்பாங்க.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கே.”

“பரவால்லடா, நல்லவனுவதான்” என்றார் சித்தப்பா. தூறல் விழ ஆரம்பித்திருந்தது.