எடை கொறஞ்ச துப்பாக்கி

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டதும் போடாததுமா நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. பேரனுக்கு வெச்சுட்டுப் போற மாதிரி, எடை கொறஞ்ச வேட்டை ரைஃபிளா ஒண்ணு பார்த்துச் சொல்லோணும், அப்படித்தானுங்களே? நல்ல ரோசனை. ஊருல இருக்கற அப்பாருக எல்லாம் பேரனுக்கு எடம் வாங்கறாங்க, பேங்க்குல பணம் போடறாங்க. பையனுக்கு வெடிக்கற சாமான்தான் வேணும்னு வந்தவரு நீங்க ஒருத்தருதான்.

எடை கொறஞ்சதுன்னு எதுக்குக் கேக்கறீங்க? பையன் தூக்கோணும்னா? போன பொங்கலுக்கு வந்திருந்தானே, கெணத்தடியிலருந்து சாளைக்கு ஒரு கொடம் தண்ணி கொண்டாடா கண்ணுன்னேன். இடுப்பு புடிச்சிருச்சுன்னு படுத்துட்டான். ஆனா செல்போனை மட்டும் விடியறதுலருந்து பொழுது போற வரைக்கும் கீழ வெக்காமத் தூக்கிட்டுத் திரிஞ்சான். இரநூறு கிராமுல துப்பாக்கி செய்யறவன் இருந்தாச் சொல்லுங்க, நம்ம பையனுக்கு அளவா இருக்கும்.

சரி, எடுத்தாச்சுன்னே வெச்சுக்குவோம். எதைச் சுடறதுங்க? 1972-ல வன உயிரினச் சட்டம் வந்துச்சு. மிச்சம் மீதி இருந்த சந்து பொந்தையும் 1991 திருத்தத்தோட அடைச்சாச்சு. பொழுதுபோக்குக்கு வேட்டைங்கற பேச்சே இப்ப நம்ம நாட்டுல இல்லீங்க. மயிலு வந்து தக்காளியக் கொத்துனா கை தட்டலாம், தகரம் தட்டலாம். அதுக்கு மேல போயி வெலங்கைச் சுட்டா, நம்ம கையில வெலங்கு.

பன்னி இருக்குதேங்கறீங்களா? இருக்குது, உங்க கடலைக்காட்டை உழுது குடுத்துட்டுப் போகுது, உழவுக் கூலி கேக்கறதில்லை. அதுக்கும் 2025 ஜனவரியில அரசாங்கம் ஒரு கணக்குப் போட்டிருக்குது. காட்டுலருந்து 1 கிலோமீட்டருக்குள்ள வந்த பன்னியத் தொடப்படாது. 1-லருந்து 3 வரைக்கும் வந்தாப் புடிச்சுக் காட்டுல விடோணும். 3-ஐத் தாண்டி வந்தாத்தான் சுடறது, அதுவும் வனத்துறை ஆளுக சுடோணும். நீங்களும் சுடக்கூடாது, நானும் சுடக்கூடாது. பன்னிக்குத்தான் கிலோமீட்டர் கல்லு படிக்கத் தெரியாது, பாவம்.

இத்தனையும் கேட்டுட்டும் ரைஃபிள்தான் வேணும்னா, அதோட கொணத்தையும் கேட்டுக்கங்க. எடை கொறஞ்ச துப்பாக்கி கையில கனக்காது, தோள்ல கனக்கும். குண்டு முன்னால போற வேகத்துக்குக் கட்டை பின்னால வந்து இடிக்குதுல்ல, துப்பாக்கி கனமா இருந்தா அந்த இடியில பாதிய அதுவே முழுங்கிக்கும். லேசா இருந்தா அத்தனையும் தோளுக்குத்தான். வீட்டுல வேலை செய்யாத ஆளு ஒருத்தன் இருந்தா மத்தவங்க மேல பாரம் ஏறுதில்லீங்களா, அந்தக் கணக்குத்தான்.

இஷாப்பூர்ல அரசாங்கத் தொழிற்சாலை செஞ்ச .315 ரைஃபிள் மூணு கிலோவுக்கு மேல வரும். பையன் தோளுக்கு அது ஆகாது. அதை விட லேசு .22. இடி கம்மி, சத்தம் கம்மி. ஆனா பன்னிக்கு அது கொசுக்கடி. அடிபட்ட பன்னி காட்டுக்குள்ள ஓடாது, அடிச்சவனைத் தேடி வரும். குறி தப்பிச்சுன்னா அந்தச் சின்னக் குண்டு ஒன்றரை மைல் வரைக்கும் போகும். உங்க காட்டுலருந்து ஒன்றரை மைல்ல என்ன இருக்குது? உங்க சம்பந்தி வீடு. ஏற்கெனவே பேச்சு வார்த்தை இல்லைங்கறீங்க.

ரவை போடற 12 போர் எடுக்கலாம்னு டவுன்ல எவனாவது சொல்லுவான். ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமா 12 உருண்டையா உருட்டுனா, அதுல ஒண்ணு நொழையற குழாய்தான் 12 போர். 20 போர்னா இருபது உருண்டை, ஓட்டை சின்னது, துப்பாக்கியும் லேசு. நம்பர் கூடக் கூட ஓட்டை சிறுக்கும். இது தெரியாம, பெரிய நம்பராக் குடுங்கன்னு கடையில போயி நின்னுறாதீங்க.

அளவு பாக்கறதுக்கு ஒரு வழி இருக்குது. கட்டையோட அடிப்பாகத்தை முழங்கை மடிப்புல வெச்சுப் புடிச்சா, ஆள்காட்டி வெரலு விசைக்கு எட்டோணும். பதிமூணு வயசுப் பையனுக்கு இன்னைக்கு எட்டற கட்டை, மூணு வருசத்துல குட்டையாப் போயிரும். பேரனுக்குன்னு எடுக்கறதும் பள்ளிக்கொடத்துச் சட்டை எடுக்கறதும் ஒண்ணுதான். வளர்த்திக்கு வாங்குனா இப்ப தொளதொளங்கும், அளவுக்கு வாங்குனா அடுத்த வருசம் தெறிக்கும்.

நம்ம வீட்டுத் துப்பாக்கியப் பார்த்திருக்கீங்களே. லைசென்ஸ்ல எஸ்.பி.எம்.எல். அப்படின்னு போட்டிருக்கும். ஒத்தக் குழாய், வாயில கெட்டிக்கற சாதி. வெள்ளாமைப் பாதுகாப்புக்குன்னு எங்க அப்பாரு காலத்துல வாங்குனது. நட்டமா நிறுத்தி, கரிமருந்தை அளந்து ஊத்தோணும். தேங்காநாரை உருட்டிப் போட்டுக் கம்பியில இடிக்கோணும். அப்புறம் ரவை, அதும் மேல மறுபடி நாரு. கடைசியாத்தான் குதிரைக்கு அடியில கேப்பு. இத்தனையும் முடியறதுக்குள்ள பன்னி தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டுப் போயிரும். சுட்ட பொறவு சுடுதண்ணி ஊத்திக் குழாயக் கழுவோணும். கரிமருந்துப் புகையில இருக்கற உப்பு ஈரத்தை இழுத்து, விடியறதுக்குள்ள துரு ஏத்திரும். சுடறது ஒரு நொடி, கழுவறது ஒரு மணி நேரம். தின்ன தட்டைக் கழுவி வெக்காத பேரன் குழாயக் கழுவுவானான்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க.

எனக்குப் பதினாலு வயசு. அப்பாரு ஒரம்பரைக்குப் போயிருந்த ராத்திரி, அந்தத் துப்பாக்கிய எடுத்துட்டுச் சோளக்காட்டுப் பரணுக்குப் போயிட்டேன். பாதி ராத்திரி, கருப்பா ஒண்ணு நின்னுச்சு. அசையவே இல்லை. பன்னிக்கு இத்தனை தைரியமான்னு விசைய இழுத்தேன். பொகையில ஒண்ணும் தெரியல, நான் பரணுல மல்லாக்கக் கெடந்தேன். விடிஞ்சு போய்ப் பார்த்தா, சுட்டது சோளக்காட்டுப் பொம்மைய. அதுக்கு மாட்டியிருந்தது அப்பாருவோட பழைய சட்டை. நெஞ்சு மேல ஏழு ஓட்டை.

அப்பாரு வந்தாரு. அடிக்கல, ஒரு சொல்லு சொல்லல. அடுத்த வியாழக்கிழமை அந்தச் சட்டையத் தொவச்சு மாட்டிக்கிட்டு, என்னையும் கூட்டிக்கிட்டுப் புளியம்பட்டிச் சந்தைக்குக் கெளம்பிட்டாரு. எதுக்க வந்தவங்க எல்லாம், ‘ஏனுங், சட்டையில இத்தனை ஓட்டை?’ன்னாங்க. ‘பேரன் தச்சுக் குடுத்தானுங்க’ன்னாரு. மாடு புடிக்கற எடத்துல சொன்னாரு, டீக்கடையில சொன்னாரு, பஸ்ஸுல கண்டக்டர் கேக்காமயே சொன்னாரு. தோள்ல கன்னிப் போனது பத்து நாள்ல ஆறிருச்சு மாப்ள. அந்தச் சந்தை இன்னும் ஆறல.

வெள்ளைக்காரன் கார்பெட் இருந்தாரே, அவரு கதைய எங்க வாத்தியார் சொல்லுவாரு. அவரு கைக்கு வந்த மொதத் துப்பாக்கியே ஒடைஞ்சது. ரெட்டைக் குழாயில ஒண்ணு மருந்து மிஞ்சிக் கிழிஞ்சிருச்சு, கட்டையப் பித்தளைக் கம்பி சுத்திக் கட்டியிருந்தாங்களாம். அத வெச்சுக்கிட்டுக் காட்டுல நடக்கப் பழகுன பையன் பின்னால அத்தனை ஆள்கொல்லிப் புலியச் சுட்டாரு, அப்புறம் அவரே புலியப் படம் புடிக்கப் போயிட்டாரு. மொதச் சாமானு ஒடைஞ்சதுன்னு அவரு ஒதுக்கல.

கடைசியாக் காயிதம். துப்பாக்கி மூணு கிலோ, அதோட ஃபைலு ஆறு கிலோ. 21 வயசு ஆகாம பையன் பேருக்கு லைசென்ஸ் கெடையாது. அதுக்குப் பயிற்சிச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ். லைசென்ஸ் வெச்சிருக்கறவருக்கு 70 வயசு ஆச்சுன்னாலோ, 25 வருசம் வெச்சிருந்தாலோ, உசுரோட இருக்கறப்பவே வாரிசுக்கு எழுதித் தரலாம்னு 2016 விதியில இருக்குது. 2019-க்கு அப்புறம் ஒரு ஆளு ரெண்டுக்கு மேல வெக்கக் கூடாது. 5 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கோணும். தேர்தல் வந்தா எங்க துப்பாக்கி மொதல்ல ஸ்டேசனுக்குப் போயிரும், ஓட்டு எண்ணுன பொறவுதான் வீடு திரும்பும். போன தடவை நானே அதைப் பஸ்ஸுல எதுக்க உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். வயசானதுன்னு பாக்காம எழுந்து எடம் குடுத்தாங்க.

லைசென்ஸ் இல்லாம எவனாவது மலையடிவாரத்துல அடிச்சுத் தர்றேன்னாலோ, தீனிக்குள்ள வெடிமருந்து பொதிஞ்ச அவுட்டுக்காய் வெச்சாப் போதும்னாலோ, அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க. பன்னிக்கு வெச்ச அவுட்டுக்காயக் கடிச்சு, தாடை கிழிஞ்சு, தண்ணி குடிக்க முடியாமச் செத்த யானை நம்ம சீமையில இருக்குது. மாடு கடிச்சாலும் அதே கதிதான்.

மொகத்தைத் தொங்கப் போடாதீங்க. பேரனுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணு இருக்குது. அந்த டிரங்குப் பொட்டியத் தொறங்க. இதுதான், ஏழு ஓட்டை. கால் கிலோ கூட வராது. லைசென்ஸ் வேண்டாம், தேர்தலுக்கு ஸ்டேசன்ல வெக்க வேண்டாம், சுடுதண்ணியில கழுவ வேண்டாம். பையனுக்கு மாட்டி விட்டு, ஒரு வியாழக்கிழமை சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓட்டை எப்படி வந்துச்சுன்னு அவன் கேட்டா, மொதல்ல ராத்திரிப் பரணுக்குத் தகரத்தோட அனுப்புங்க. பன்னி வந்து தட்டுனான்னா, அடுத்த நாளு கதையச் சொல்லுங்க.

21 வயசு முடிஞ்சு, தின்ன தட்டைக் கழுவி வெச்சுட்டு வந்து நின்னா, துப்பாக்கியப் பத்திப் பேசலாம். நானு அப்ப இருக்க மாட்டேன். சட்டை இருக்கும்.