மாடி கட்டப் போறியாமே, பேராண்டி!

இன்னாடா பேராண்டி, லைன் வூட்டு மேல மாடி எடுக்கப் போறியாமே? கட்டு ராசா, ஜோரா கட்டு. நம்ம ஊரிகத்துல அவனவன் கீழ எறங்கித்தான் பொழச்சான். சாம்பியன் தங்கச் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம். நம்ம வம்சத்துல நீயாவது பத்தடி மேல ஏறு.

இந்த வூடு ஏன் இத்துனூண்டு கீதுன்னு கேக்கறியே, 1880-ல வந்த ஜான் டெய்லர் கம்பெனிக்காரன் கணக்குல புலிடா. தொரைக்கு பங்களா, தோட்டம், கிளப்பு. நமக்கு ஷிப்டு முடிஞ்சு வந்து கால் நீட்ட எடம். கால் நீட்டினா வாசப்படி தட்டும், அவ்ளோதான் அளவு. சிவசமுத்திரத்துக் கரண்ட் 1902-லயே இங்க வந்துடுச்சு, பெங்களூருக்கு 1905-லதான்னு உங்க ஆபீஸ்ல பெருமை அடிச்சுக்கோ. அது மெஷினுக்கு வந்த கரண்டுன்னு மட்டும் சொல்லிடாத. நான் சிம்னி வெளக்குலதான் படிக்காம போனேன்.

அடுப்பங்கரை சொவுத்துல மேலேர்ந்து கீழ ஒரு விரிசல் ஓடுதே, அதைப் பாத்து உன் மேஸ்திரி "ஈரம் தாத்தா"ன்னு ஒதட்டப் பிதுக்கறான். ஈரமாம்! சுரங்கம் ஓடின காலத்துல அடியில பாறை வெடிச்சா மேல தட்டுமுட்டு உருளும். உருண்டா போதும், பொம்பளைங்க ஒலைய அப்படியே வுட்டுட்டு ஷாஃப்டு வாசலுக்கு ஓடுவாங்க, நம்ம ஆளு வரானான்னு. அந்த விரிசல் அப்படி வுழுந்தது. நீ பட்டி பாத்து, ரோஸ் பெயிண்ட் அடி. பளபளன்னு இருக்கும்.

தரைக்கு வெள்ளை டைல்ஸாமே? பலே! வேனக் காத்து அடிச்சா சுரங்கக் கழிவு கொட்டின சயனைட் மேட்டு மண்ணு மொத்தமும் வூட்டுக்குள்ளதான் விருந்தாளி. சினிமாக்காரன் அந்த மேட்டுல படம் புடிச்சுக் கோடி கோடியா அள்ளிட்டான். உன் பொண்டாட்டி தொடப்பத்தால அள்ளட்டும்.

சுத்தி எட்டடிக்குக் காம்பவுண்டாமே, யாருக்குடா பயந்து? தங்கம் போயி எத்தினி வருசமாச்சு! விடியறதுக்கு முன்ன ஊரிகம் ஸ்டேஷன்ல மாரிகுப்பத்து ரயிலைப் புடிச்சு பெங்களூரு ஆபீசுக்குப் போனா நீ ராத்திரிதான் வூடு திரும்பற. நடுவுல உங்கம்மாவுக்கு சக்கரை எறங்கித் தலை சுத்தினா, பக்கத்து வூட்டு அக்காதான் எட்டிப் பாத்துட்டு வெல்லத்தோட ஓடி வரா. எட்டடிச் சொவுரு கட்டினா அக்காவுக்கு ஒரு ஏணியும் வாங்கிக் குடுத்துடு.

கடைசியா ஒண்ணு, காதக் குடு. 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்த மூடினாங்க. இது கம்பெனி குடுத்த வூடு. தாத்தன் காலத்துச் சாவி உன் இடுப்புல கீது, சரி. பத்திரம் எங்கடா? உன் பேருல ஒரு காயிதம் வரதுக்கு முன்னயே பேங்குல லோன் கேக்கப் போறியாம். பொண்ணு பொறக்கறதுக்கு முன்னயே மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட கதை!

நான் வேணாம்னா சொல்றேன்? மொதல்ல பத்திரத்துக்கு அலை. அது கைக்கு வந்தப்புறம் மாடி எடு, நானே வந்து பூசணிக்கா ஒடைக்கறேன். காம்பவுண்ட மட்டும் இடுப்பளவோட நிறுத்திடு. கம்பெனி போனப்புறமும் இந்த லைன் இன்னிக்கு வரைக்கும் நிக்கறது அக்கம்பக்கத்தாலதான்டா.